புல் வளையும், மீன் விறைக்கும்

அன்று தோணாவின் வாயில் நின்றவர்கள்: நான், என் ராத்தாவின் புருஷனான மச்சான், எங்கள் வயல்வெளியான வட்டையின் விதானையார், அவர் கூலிக்குக் கூட்டிவந்த அண்ணனும் தம்பியும், ஆளுக்கொரு மண்வெட்டியோடு, பிறகு, கறுப்புக் குடையைப் பிடித்தபடி ஒரு மாமி. மாமி என்று கூப்பிட்டது மரியாதைக்கு, சொந்தமில்லை. புருஷன் மௌத்தான பிறகு வட்டையின் ஆகப் பள்ளத்தில் கிடந்த இரண்டு ஏக்கரைத் தானே நின்று செய்வித்தவ. அந்த மழைக்குள் எங்கள் ஆறு பேரைத் தவிர வேறு ஒருவரும் இல்லை. எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருஷத்து மாரி அது.

தோணா என்றால் வெளியூர்க்காரருக்கு விளங்காது. சாய்ந்தமருதுக்கு மேற்கே கிடக்கும் வயல்களின் வெள்ளத்தை ஊருக்குள்ளால் கடலுக்குக் கொண்டுபோகிற ஓடை அது. வருஷத்தில் பாதிக்கு மேல் அதன் வாய் மூடியிருக்கும். அலை மணலை அள்ளிக் குவித்து மேடாக்கிவிடும். மாரியில் பயிர் மூழ்கத் தொடங்கினால், வயல் தண்ணீருக்குப் பொறுப்பான விதானையார் ஆட்களைக் கூட்டிவந்து அந்த மேட்டை வெட்டுவார். முதலில் மண்வெட்டி அகலத்துக்கு ஒரு கான்தான். தண்ணீர் ஒருமுறை கடலைக் கண்டுவிட்டால் பிறகு ஆள் தேவையில்லை. மணல், புல், கிடப்பது, மிதப்பது எல்லாவற்றையும் வாரிக்கொண்டு தானே வாயை அகலமாக்கிக்கொள்ளும்.

அந்த மேட்டோடு ஒட்டிய புல்லுக்குள் என் மீன்கள் கிடந்தன. மண்வெட்டி மணலில் இறங்கினால் அவை போய்விடும். அதற்காகத்தான் நான் மழையில் நனைந்துகொண்டு நின்றேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வாப்பா என்னைக் கரைவலைத் தோணியில் ஏற்றிவிட்டார். எனக்கும் தோணிக்கும் சரிவரவில்லை. மேகம் கொஞ்சம் கறுத்தாலே கரைக்குத் திரும்புவோமா என்பேன். கட்டின முடிச்சை மறுபடி இழுத்துப் பார்ப்பேன். தோணியைத் தள்ளும் நேரம் பார்த்து, துடுப்பு எல்லாம் இருக்கிறதா என்று கேட்பேன். சூறாவளிக்குப் பிறகு அந்தப் பயம் இரண்டு மடங்காகியது. இவனை ஏற்றினால் தோணி போகாது, துஆ மட்டும்தான் நடக்கும் என்று சொல்லி, தோணிச் சொந்தக்காரரான சம்மாட்டியார் என்னைக் கரையில் நிறுத்திவிட்டார். வலை கரைக்கு ஏறியதும் மடியைப் பிரித்துப் பாசியையும் சொறிமீனையும் உடைந்த சிப்பியையும் பொறுக்கி எறிவது என் வேலையாயிற்று. சின்னப் பிள்ளைகள் செய்கிற வேலை. எனக்கு அப்போது மீசை முளைத்திருந்தது.

அந்தக் குப்பைக்குள்தான் அதை முதன்முதல் கண்டேன். தென்னை ஈர்க்கு என்று நினைத்து எறியப் போனேன். ஈர்க்குக்குக் கண் இருந்தது. இரண்டு கண்களும் தனித்தனியே சுழன்றன. ஒன்று என்னைப் பார்த்தது, மற்றது கடலைப் பார்த்தது. நீளம் என் நடுவிரலைவிடக் கொஞ்சம் கூட. முகம் குழாயாக நீண்டு, நுனியில் குண்டூசித் தலை அளவு வாய். செதிளே கிடையாது. தலையிலிருந்து வால்வரை கட்டுக் கட்டாக வளையம் போட்ட ஓடு. விரலால் தடவினால் அந்த வளையங்கள் தட்டுப்படும். எங்கள் கரையில் அதற்கு ஒரு பெயர்கூட யாரும் வைக்கவில்லை. தின்ன உதவாததற்குப் பெயர் எதற்கு? நானும் மச்சானும் ஈர்க்கு மீன் என்றோம்.

பிறகு அதே மீனைத் தோணாவிலும் கண்டேன். வாய் திறந்திருக்கும் மாதங்களில் கடலோடு உள்ளே வந்து, மணல் மூடிய பிறகு அங்கேயே தங்கிவிடுகிறது. மேட்டுக்குக் கீழே முழங்கால் ஆழத்தில் புல் அடர்த்தியாக நிற்கும். மணலுக்குள்ளால் கடல் கசிவதால் அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் கரிக்கும். மீன் அந்தப் புல்லுக்குள் தலை மேலே வால் கீழேயாக நட்டுக்குத்தாக நிற்கும். நீரோட்டத்தில் புல் ஆடினால் தானும் ஆடும். பச்சைப் புல்லில் நிற்பது பச்சை. பழுத்த புல்லில் நிற்பது கபில நிறம். முதுகில் ஒரேயொரு சிறிய செட்டை, பார்வைக்குத் தெரியாத வேகத்தில் துடித்துக்கொண்டே இருக்கும். அதுதான் அதற்குத் துடுப்பு.

கொழும்பிலிருந்து ஒரு வியாபாரி பொத்துவில் பக்கம் வண்ண மீன் எடுக்க வருவார். கண்ணாடிப் பெட்டியில் வளர்ப்பதற்காக வெளிநாட்டுக்கு விமானத்தில் போகிற மீன்கள். போகிற வழியில் எங்கள் சந்திக் கடையில் தேத்தண்ணி குடிப்பார். ஒருநாள் நான் இனிப்புப் போத்தல் ஒன்றில் இரண்டு ஈர்க்கு மீனைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். அவர் தேத்தண்ணியை மறந்து பார்த்தார். ஆணும் பெண்ணுமாகப் பதினைந்து ஜோடி தந்தால் எடுப்பதாகவும், சரிவந்தால் வரும்போதெல்லாம் எடுப்பதாகவும் சொன்னார்.

"உசிரோட ஈக்கோணும் தம்பி. மௌத்தானா எனக்கு அது வெறும் ஈர்க்கு."

அன்றைக்கே முடிவெடுத்தேன். இது என் தொழில். தோணி வேண்டாம், சம்மாட்டியார் வேண்டாம், மடிக்குப்பை வேண்டாம். பதினைந்து ஜோடியை உயிரோடு கொடுத்தே ஆவது.

முதலில் பிடித்தவை எல்லாம் செத்தன. வீட்டுச் சீமெந்துத் தொட்டியில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, உம்மாவின் உப்புப் பானையிலிருந்து அள்ளிப் போட்டுக் கடலாக்கப் பார்த்தேன். உம்மாவின் உப்பும் போனது, மீனும் போனது. பிறகு கடல் தண்ணீரையே வாளியில் சுமந்து ஊற்றினேன். அப்போதும் செத்தன. பசி என்று கண்டுபிடிக்க எனக்குக் காலம் எடுத்தது. நான் போட்ட இறால் தூளை அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அசைவது மட்டும்தான் அவற்றுக்கு இரை. கண்ணுக்குத் தூசியாகத் தெரிகிற இறால் குஞ்சு பக்கத்தில் வந்தால், அந்தக் குழாய் முகம் மெல்லத் திரும்பும். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். குஞ்சு இருக்காது. வாய்க்குள் போனதை நான் ஒருநாளும் கண்டதில்லை, அவ்வளவு விரைவு.

தொட்டியில் முடியாது என்று தெரிந்ததும் அவற்றின் வீட்டிலேயே வைத்தேன். ராத்தா கட்டிலுக்குக் கட்டின பழைய நுளம்பு வலையை வெட்டி, கம்பு நட்டு, மேலே திறந்த கூடு மூன்று கட்டி அதே புல்லுக்குள் நிறுத்தினேன். இறால் குஞ்சு வலைக் கண்ணுக்குள்ளால் தானே வந்து போகும். விடிந்ததும் போய்க் குந்தினால் மதிய லுஹர் பாங்குக்குத்தான் எழும்புவேன். நண்டு வெட்டிவிடுமோ, கொக்கு கொத்திவிடுமோ, பிள்ளைகள் கல் எறிவார்களோ என்று ஒரே யோசனை. அப்படி யோசித்துக்கொண்டு பார்த்ததில்தான் பலதையும் கண்டேன். காலையில் இரண்டு மீன் ஒன்றையொன்று நெருங்கி, உடம்பை வில்லாக வளைத்து, பக்கம் பக்கமாகக் கொஞ்சத் தூரம் நீந்தும். பிறகு பிரிந்து தன் தன் புல்லுக்குப் போய்விடும். நாளும் அதே இரண்டுதான். சிலதுக்கு வயிற்றின் கீழ் ஒரு மடிப்பு தடித்து, அதற்குள் மணி மணியாகச் சினை தெரியும். சினை இருந்தது பெண், தட்டையானது ஆண் என்று பிரித்து, கூட்டுக்குள் ஒன்றுக்கொன்று விட்டேன்.

வியாபாரி வெள்ளிக்கிழமை காலை வருவதாக ஏற்பாடு. அந்தக் கிழமை மழை விடவேயில்லை. மழையைப் பார்க்கப் பயம்தான் என்றாலும், வாய் வெட்டுவார்கள் என்று நான் பயப்படவில்லை. எங்கள் வட்டையில் எப்போதும் வெள்ளி மதிய ஜும்ஆத் தொழுகை முடிந்துதான் வெட்டுவார்கள். பள்ளியில் எல்லா வயற்காரரும் கூடியிருக்கும்போது பேசி, அப்படியே மண்வெட்டியோடு கடலுக்கு நடப்பதுதான் வழக்கம். ஜும்ஆவுக்கு முன் என் மீன் வியாபாரியின் பையில் ஏறிவிடும். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான் இந்த ஒன்றை மட்டும் நம்பினேன்.

வியாழக்கிழமை நான் தோணாவுக்குப் புறப்படுமுன் மச்சான் சைக்கிளில் பறந்து வந்து, விதானையார் வாய் வெட்டப் போய்விட்டார் என்றார். மாமியின் வயலில் இரவோடு பயிரின் நுனிவரை தண்ணீர் ஏறிவிட்டதாம். வெள்ளிவரை பொறுக்க முடியாது என்று அவவே விடியற்காலையில் விதானையார் வீட்டுப் படலையைத் தட்டியிருக்கிறா.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது என் கூடுகளையே காணவில்லை. தண்ணீர் கம்பு நுனிக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. மேலே திறந்த கூடு. மீன்கள் வெளியேறிப் புல்லுக்குள் கலந்திருக்கும். தண்ணீரும் சேறாகிக் கறுப்புத் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. தெளிந்த தண்ணீரிலேயே புல்லையும் அதையும் பிரித்துப் பார்க்க ஏலாது.

விதானையார் காலால் மணலில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கோட்டின் மேல் போய் நின்றேன். நிற்க வேண்டுமென்று யோசித்து நிற்கவில்லை. பின்னேரத் தொழுகையான அஸர்வரை பொறுக்கச் சொல்லிக் கேட்டேன். என் மீனைப் பொறுக்கி எடுக்க அவ்வளவு நேரம் வேண்டும் என்றேன். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மீன் எத்தனை இறாத்தல் வரும் என்று தம்பி கேட்டான். விதானையார் சிரிக்கவில்லை. வயல் என்னுடையதல்ல, வயற்காரியிடம் கேள் என்று குடையின் பக்கம் கையைக் காட்டினார்.

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தா.

"என்ட பயிர் மூச்சி முட்டிக் கெடக்கி மனே. உன்ட மீனாவது தண்ணிக்குள்ள மூச்சி விடும்."

அவ சொன்னது சரி. சரி என்று தெரிந்தும் நான் கோட்டைவிட்டு இறங்கவில்லை.

"அழுகினா நான் தாறன் மாமி," என்றேன்.

மச்சான் பின்னால் நின்று என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தார்.

"எதால தருவாய்?"

"மீனால."

இப்போது விதானையாரும் சிரித்துவிட்டார். மாமி சிரிக்காமல் குடையை மறுகைக்கு மாற்றினா. பிறகு விதானையாரிடம் சொன்னா: "அஸர் மட்டும் உடுங்க. இவன் பயந்த புள்ள. பயந்தவன் கடன வெச்சிக்கி நித்திர கொள்ள மாட்டான்."

மச்சானை அனுப்பி, கல்யாணச் சோறு ஆக்குகிறவர் வீட்டிலிருந்து ஒரு கிடாரம் எடுப்பித்தேன். அதில் நெய் வாசம் இருந்தது. எண்ணெய்ப் படலம் மீனுக்கு ஆகாதென்று சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்தேன். கழுவிக் கழுவி மணந்து பார்த்தேன். நேரம் போகிறது என்று மச்சான் கத்தினார். கத்தட்டும் என்று மறுபடி தேய்த்தேன். கடல் தண்ணீரையும் தோணாத் தண்ணீரையும் கலந்து ஊற்றி, நாக்கில் வைத்து உப்புப் பார்த்தேன். அந்த மேட்டடித் தண்ணீரின் கரிப்பு எனக்கு நாக்கில் மனப்பாடம்.

பிறகு இறங்கினேன். இடுப்பு அளவு தண்ணீர். கண்ணால் ஆகாது, கையால்தான். விரல்களை விரித்துப் புல்லுக்குள் மெதுவாகக் கொண்டுபோனால் புல் வளைந்து வழிவிடும். மீன் வளையாது. தொட்டதும் விறைத்துவிடும். அதற்கு ஓடத் தெரியாது. தான் ஒரு குச்சி என்று தொட்டவனை நம்பவைக்கப் பார்க்கும். அந்த விறைப்புத்தான் அன்று எனக்கு உதவியது. விரலிடுக்கில் எது விறைத்ததோ அதை நெரிக்காமல் உள்ளங்கையோடு ஏந்தி, தண்ணீரோடு தூக்கிக் கிடாரத்தில் விடுவேன்.

மச்சானும் இறங்கினார். முதலில் அவர் எடுத்தது உண்மையான ஈர்க்கு. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதை ஏந்திக்கொண்டு, இதுக்குக் கண் இரிக்கிடா என்று கரைக்கு ஓடினார். அதன்பிறகு அவருக்குக் கை பழகிவிட்டது. மாமி மணலில் குந்தி, தான் நனைந்துகொண்டு குடையைக் கிடாரத்துக்குப் பிடித்தா. மழைத் தண்ணீர் விழுந்தால் உப்புக் குறையும் என்று நான் புலம்பியதைக் கேட்டிருக்க வேண்டும். லுஹருக்குப் பிறகு, மீனுக்கு நிறை கேட்ட அந்தத் தம்பியும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். சும்மா நிற்கக் குளிருது என்றான். அவன் கை என் கையைவிட நல்ல கை. நாற்று நடுகிறவனுக்கு விரல் நுனியில் கண் இருக்கும்.

அஸர் பாங்கு கேட்டபோது வயிற்றைப் பார்த்து எண்ணினேன். கிடாரத்தில் பதினைந்து ஜோடிக்கு இரண்டு மீன் குறைவாக இருந்தது. இன்னும் கொஞ்சம் என்று கேட்க வாய் வந்தது. மாமியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். நான் கரையேறியதும் மண்வெட்டிகள் இறங்கின. கொஞ்ச நேரத்தில் நான் நின்ற இடம், புல், கம்பு, நுளம்பு வலை எல்லாம் கடலுக்குள் போயின.

மறுநாள் வியாபாரி வந்தபோது கிடாரத்தில் நூல் துண்டு துண்டாக ஏதோ மிதந்தது. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு நூலுக்கும் கண். ஒரு மீனின் வயிற்று மடிப்பு பிளந்து, இன்னும் இரண்டு குஞ்சு வெளியே வந்துகொண்டிருந்தது. பெண் குஞ்சு பொரித்துவிட்டது என்றேன். வியாபாரி சிரித்து, சுமக்கிறது ஆண் என்றார். பெண் முட்டையை அவனுடைய வயிற்றில் ஒட்டிவிட்டுப் போய்விடுமாம்; பொரிக்கும்வரை அவன் பொறுப்பு. நான் ஆணென்று வைத்தது பெண், பெண்ணென்று வைத்தது ஆண். இரண்டையும் மாற்றி எண்ணியதால் ஜோடி மட்டும் சரியாகவே இருந்தது.

மச்சான் கிடாரத்துக்குள் எட்டிப் பார்த்தார். அவர் எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணமான நாளிலிருந்து ராத்தாவின் வீட்டில் இருப்பவர்.

"அப்ப இவரும் எங்குட ஆள்தான். பொஞ்சாதிர ஊட்டோட வந்து வேலைக்கு அகப்பட்டவர்."

வியாபாரி மீன்களைப் பொலித்தீன் பைகளில் பிரித்து, காற்று அடைத்துக் கட்டி, தன் வேனில் ஏற்றினார். அவர் திரும்பி வரும்வரை நான் நாளும் சந்திக் கடைக்குப் போய் விசாரித்தேன். அடுத்த முறை வந்தபோது, இரண்டைத் தவிர எல்லாம் உயிரோடு போனது என்று சொல்லிவிட்டு, அடுத்த பதினைந்து ஜோடி எப்போது என்று கேட்டார். அதன்பிறகு நான் வலை மடியைப் பிரிக்கப் போகவில்லை. வாய் மூடிப் புல் மறுபடி முளைத்ததும் கூடுகளைக் கட்டினேன், இந்தமுறை மேலேயும் வலை போட்டு. தண்ணீர் ஏறினால் கூடும் ஏறுவதற்கு நாலு மூலையிலும் போத்தல் கட்டினேன். ஜும்ஆவை நம்பவில்லை. மழை தொடங்கினால் ஒவ்வொரு நாளும் விதானையார் வீட்டுக்குப் போய் வாய் எப்போது வெட்டுவீர்கள் என்று கேட்பேன். என்னைக் கண்டால் அவருடைய பிள்ளைகள் ஈர்க்குக் காக்கா வாறார் என்று உள்ளே ஓடும். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்.

மாமியின் வயலுக்கும் ஒவ்வொரு நாளும் போனேன். தண்ணீர் வடிந்து பயிர் நிமிர்ந்தது. ஆனால் பள்ளத்து மூலையில் ஒரு துண்டு மஞ்சளாகி அழுகிவிட்டது. காலையிலேயே வெட்டியிருந்தால் அதுவும் தப்பியிருக்குமா என்று விதானையாரிடம் கேட்டேன். தெரியாது, தப்பியும் இருக்கும், தப்பாமலும் இருக்கும் என்றார். எனக்கு அந்தப் பதில் போதாது. அறுத்துச் சூடடிப்பு முடிந்ததும் அந்த மூலையில் எவ்வளவு விளைந்திருக்கும் என்று அவரையே மதிக்கச் சொன்னேன். ஆறு புசல் நெல் என்று மதித்தார். அந்த நேரத்து விலைக்கு இருநூற்று நாற்பது ரூபா.

மீன் போகும்போதெல்லாம் பத்தோ இருபதோ கொண்டுபோய் மாமியிடம் கொடுத்தேன். அவ வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொள்வா. மீன் மணக்குதா என்று காசை மூக்கில் வைத்துப் பார்ப்பா. வீட்டுக் கூரையைச் செய், மறுகா தா என்று சில தடவை திருப்பியும் அனுப்பினா. நானும் உண்மையில் கூரையைத்தான் செய்தேன். சூறாவளி கொண்டுபோன ஓட்டுக்குப் பதிலாக அதுவரை தென்னங்கிடுகுதான் கிடந்தது. அதனால் கடன் இழுபட்டது. பிறகு நாட்டு நிலைமை குழம்பிப் பாதைகள் மூடப்பட்டன. கொழும்பு வியாபாரி வருவது நின்றது. மாமியும் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அக்கரைப்பற்றில் மகளின் வீட்டுக்குப் போனா. நான் கையில் கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு அங்கே போனபோது அவ மௌத்தாகி மூன்று மாதமாகியிருந்தது.

மகளிடம் விஷயத்தைச் சொல்லிக் காசை நீட்டினேன். அவ வாங்கவில்லை. உம்மா எல்லாருக்கும் ஹலாலாக்கிவிட்டுத்தான், கடனையெல்லாம் மன்னித்துவிட்டுத்தான் போனா, யாரிடமும் ஒன்றும் வாங்கக் கூடாது என்று சொன்னா என்றா. ஈர்க்கு மீன்காரப் பெடியன் என்று என்னைக் குறித்துச் சொன்னாவா என்று கேட்டேன். அப்படிப் பிரித்துச் சொன்னதாக ஞாபகமில்லை என்றா. எல்லாருக்கும் என்றால் அதற்குள் நானும் வருவேன் என்று மச்சான் சொல்கிறார். பள்ளி மௌலவியும் அதைத்தான் சொன்னார். எனக்கு அது போதவில்லை. நான் வாக்குக் கொடுத்தது அந்த மணல்மேட்டில், அவவின் முகத்துக்கு நேரே. மகள் வாங்கும்வரை போய்க் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். இன்றைய திகதிக்குக் கொடுக்கவேண்டிய மீதி எண்பது ரூபா.